தீர்மான நோட்டு யார் கையில்?

வாழப்பாடியிலோ ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போனால் ஒரு காட்சி பெரும்பாலும் கண்ணில் படும். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் செம்போடும் நிற்பவர்கள் இளம்பெண்கள். மேடைக்குப் பொன்னாடைத் தட்டை ஏந்தி வருபவர்களும் அவர்களே. ஆண்டறிக்கை வாசிப்பவர், வரவு செலவு சொல்பவர், தீர்மானத்தை முன்மொழிபவர், வழிமொழிபவர் எல்லாரும் பெரும்பாலும் ஆண்கள். வாசலில் நிற்கும் பெண்களில் ஒருவர் வங்கியில் கடன் பிரிவைக் கவனிப்பவராக இருக்கலாம். இன்னொருவர் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் இரவுப் பணியைப் பொறுப்பேற்று நடத்தும் செவிலியராக இருக்கலாம். அலுவலகத்தில் பத்துப் பேரை வழிநடத்துகிறவருக்கு ஊர்ச் சங்கத்தில் கிடைப்பது கற்கண்டுத் தட்டு.

பொதுப்பணியில் இறங்கும் இளம்பெண்ணுக்கு முதலில் வரவேற்பு வேலை கிடைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வந்தவரை வாங்க என்று சொல்வது நம் ஊர்ப் பண்பு. ஆனால் அந்த வேலையிலேயே நின்றுவிட்டால், சங்கம் எப்படி நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும். பணம் எங்கிருந்து வருகிறது, எந்த அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், முடிவை யார் எடுக்கிறார்கள், எடுத்த முடிவு ஏன் நடக்கவில்லை என்பதெல்லாம் தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த அத்தியாயம் ஒன்றைத்தான் வற்புறுத்துகிறது: நோட்டைக் கேட்டு வாங்குங்கள்.

குழுக்கள் முன்பே காட்டிய வழி

சேலம் மாவட்டத்துக்கு இது புதிய செய்தி அல்ல. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் அமைக்கும் வேலை ஆரம்பமாகி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் வந்தது. 1997-98-ல் அதுவே ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. குழுவுக்கு 12 முதல் 20 பேர். முன்னின்று நடத்த ஊக்குநரும் பிரதிநிதிகளும். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கடனைத் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான பதிவேடு என்ற ஐந்தும் குழுவின் தரத்தை அளக்கும் படிகள். ஐந்தாவது படியான பதிவேடுதான் மற்ற நான்கும் நடந்தனவா என்பதைக் காட்டும்.

பாக்குத் தோப்பிலும் மரவள்ளிக் காட்டிலும் கூலிக்குப் போய்விட்டு வந்த பெண்கள் மாலையில் திண்ணையில் கூடி, யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எதற்காகக் கடன் என்று எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுதத் தெரிந்த ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, படித்துக் காட்டச் சொன்ன பிறகே கைநாட்டு வைத்தார்கள். சில வருடங்களில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஊக்குநர் வங்கி மேலாளருக்கு எதிரில் உட்கார்ந்து, “எங்க குழுவுல ஒரு தவணைகூட நிலுவை இல்லீங்க சார். எங்களுக்கு ஏங்க இன்னும் கடன் வரலை?” என்று கேட்கும் நிலை வந்தது. கேட்கும் துணிவு அவருக்குக் கணக்கு நோட்டிலிருந்து வந்தது. 1996 அக்டோபரில், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டோடு முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2016-ல் இந்த ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு பாதியாக உயர்த்தியது. குழுவில் தீர்மானம் எழுதிப் பழகிய பெண்ணுக்கு ஊராட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகம் அந்நியமாக இருக்காது.

வருத்தம் தருவது வேறொன்று. பொறியியலோ வணிகவியலோ படித்து மாதச் சம்பளம் வாங்கும் இளம்பெண் இந்த ஊக்குநரைவிடப் பொதுக் காரியத்திலிருந்து தள்ளி நிற்கிறார். காலையில் சேலம் பஸ், இரவு திரும்பி வந்தால் சமையலறை. ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. நேரமில்லை என்று ஒரு பெண் சொன்னால் அதைச் சாக்கு என்று யாரும் தள்ள வேண்டாம். அவருடைய நேரம் எங்கே போகிறது என்பதை அரசே அளந்து வைத்திருக்கிறது. அதனால் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் தட்டு ஏந்துவதில் கழிக்காமல் இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

ஒரு சங்கத்திலிருந்து ஒரு மருத்துவமனை

தொழில் தெரிந்த ஒரு பெண் சங்கப் பணியின் வழியாக எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டியைவிடப் பெரிய சான்று இல்லை. அவரைப் பாடப்புத்தகம் ‘முதல் பெண்’ என்ற பட்டங்களோடு அறிமுகப்படுத்தி நிறுத்திவிடுகிறது. அவர் வேலை செய்த விதம் அந்தப் பட்டங்களைவிடப் பயனுள்ள பாடம்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதை நிறுவியவர்கள். மருத்துவராக இருந்துகொண்டே முத்துலட்சுமி அந்தச் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். 1925-ல் மேற்பயிற்சிக்காக லண்டன் போனார். பெண்கள் சட்டமன்றத்துக்கு நியமனம் பெறலாம் என்ற நிலை 1926-ல் வந்தபோது, மாதர் சங்கம் அவரைக் கேட்டுக்கொண்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அவர் சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். 1927-ல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இளம்பெண்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. தேவதாசி முறையை ஒழிக்கக் கோரி 1927-ல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் துறந்தார். மேலவையில் இருந்த காலத்து அனுபவத்தை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதி வெளியிட்டார். பேசியதும் செய்ததும் காற்றோடு போகாமல் பதிவாகின. தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-ல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி அவர் கையில் அந்தப் பதவி இல்லை. அந்த முறையிலிருந்து மீண்டு வந்த சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, தன் வீட்டிலேயே தங்க வைத்து ‘ஒளவை இல்லம்’ தொடங்கினார். பதவி போன பிறகும் வேலை நிற்கவில்லை.

புற்றுநோய் மருத்துவமனையின் கதை இன்னும் நீளமானது. அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசினார். மாதர் சங்கத்தின் பெயரில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. தங்கையின் மரணத்திலிருந்து எண்ணினால் 31 ஆண்டுகள். இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் முழுப் பெயரில், அடைப்புக்குறிக்குள், மாதர் சங்கத்தின் முதலெழுத்துகள் நிற்கின்றன. வாசலில் அந்தப் பலகையைப் பார்ப்பவர்களில் பலருக்கு, ஒரு பெண்கள் சங்கம் ஊர் ஊராக நிதி திரட்டிக் கட்டிய இடம் இது என்று தெரியாது. தெரிய வேண்டும்.

அங்கே 1955-ல் வந்து சேர்ந்தார் மருத்துவர் வி. சாந்தா. அப்போது வயது 28. அரசுத் தேர்வில் தேறி, எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்கான ஆணையும் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து இந்தச் சிறிய மருத்துவமனையில் நின்றார். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். பிறகு மாதம் 200 ரூபாய். 2005-ல் மகசேசே விருதும், பின்னர் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தோடு அவர் வாழ்க்கை பிணைந்திருந்தது. எல்லாரும் அரசு வேலையை உதறிவிட்டு வர வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது எல்லாக் குடும்பத்தாலும் தாங்கக்கூடியதும் இல்லை. இருவரும் தங்களுக்குத் தெரிந்த தொழிலையே பொதுப்பணியாக்கினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மருத்துவர் மருத்துவத்தோடுதான் வந்தார்.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்று வேண்டுமென்றால், சென்னையில் 1993-ல் ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் இருக்கிறார்கள். அப்போது இருவருக்கும் இருபதுகளின் தொடக்கம். மனநோயோடு தெருவில் தவித்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்தும் கிடைக்காமல், அப்படிப்பட்ட பெண்களுக்குத் தாங்களே ஒரு வீட்டை ஏற்படுத்தினார்கள். வந்தனா சமூகப்பணி படித்தவர். வெளிநாட்டிலும் இப்படித்தான்: நியூயார்க்கில் 1901-ல் மேரி ஹாரிமன் என்ற 19 வயதுக் கல்லூரி மாணவி, குடியேறிகள் வாழ்ந்த நெரிசலான பகுதிகளில் வேலை செய்ய ‘ஜூனியர் லீக்’ என்ற இளம்பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்து ஏழைக் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்தவர்களில் ஒருவர் எலினார் ரூஸ்வெல்ட்.

வாழப்பாடியில் எங்கே தொடங்குவது

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது வாழப்பாடி. சுற்றிலும் பாக்கும் தென்னையும் மரவள்ளியும். பாக்கு உரிக்கும் களங்களிலும் சேகோ ஆலைகளிலும் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. இந்த ஊரில் வேலை செய்யும் இளம்பெண் தன் தொழிலையும் ஊரின் தேவையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதைச் செய்யலாம் என்பது தானே தெரியும்.

வங்கியில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு. 18 முதல் 70 வயது வரை சேரலாம். பாக்கு உரிக்கும் பெண்களில் எத்தனை பேர் கணக்கில் இது பிடிக்கப்படுகிறது, பிடிக்கப்படுவது அவர்களுக்கே தெரியுமா, விபத்து நடந்தால் எத்தனை நாளில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியுமா? ஒரு தெருவில் நாற்பது வீட்டுப் பாஸ்புக்கைப் பார்த்து, விடுபட்டவர்களைச் சேர்த்து, ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி வைப்பது ஒரு மாத ஞாயிறுகளுக்குப் போதுமான வேலை. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் இ-ஷ்ரம் அட்டையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

செவிலியருக்கோ ஆய்வக நுட்புநருக்கோ வேறு வேலை காத்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் அனுமதியோடு ஒரு சேகோ ஆலையில், ஒரு பள்ளியில் என்று இரத்தப் பரிசோதனை நடத்தலாம். ஆனால் ஒருநாள் முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். மூன்று மாதம் கழித்து அதே பெண்களுக்கு மறுபடி சோதித்து, அளவு ஏறியதா என்று பார்ப்பதுதான் முழு வேலை. நம் ஊர்களில் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. மறுசோதனைதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

சட்டம் படித்தவருக்கும், படிக்காவிட்டாலும் ஆர்வம் உள்ளவருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பணி இருக்கிறது; தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-ல் கொண்டுவந்த திட்டம் அது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் நகையை அடகு வைத்து வழக்கு நடத்தும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஒரு செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய தொண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியதும் அந்தக் குழுதான். திருமணமாகாத இளம்பெண் அதில் பெற்றோராக இடம்பெற முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்மார்களோடு உட்கார்ந்து, கழிப்பறைக்கு எவ்வளவு, சுற்றுச்சுவருக்கு எவ்வளவு என்று திட்டத்தை எழுத உதவ அவரைவிடப் பொருத்தமானவர் யார்? இங்கே கவனம் தேவை: எழுதுவது அவராக இருக்கலாம், பேசுவது தாய்மார்களாக இருக்க வேண்டும்.

நகர இளைஞர்களுக்குப் பழக்கமான வழி ரோட்டரி, லயன்ஸ், ஜேசீஸ் போன்ற சங்கங்கள். இவற்றின் நல்ல அம்சம், பதவி ஆண்டுதோறும் கைமாறுவது. ஒருவரே பத்து வருடம் தலைவராக உட்கார்ந்திருக்க முடியாது. பெண்களுக்கு இந்தக் கதவு எளிதாகத் திறந்துவிடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்பளித்த பிறகு, 1989-ல்தான் ரோட்டரி தன் விதியைத் திருத்திப் பெண்களைச் சேர்த்தது. அதன் உலகத் தலைவராக முதல் பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், வந்தது 2022-ல். இத்தனை சிரமப்பட்டுத் திறந்த கதவுக்குள் போய் வரவேற்புக் குழுவோடு நிற்கலாமா?

சூழல் பணியில் நாட்டமிருந்தால் சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 2010-ல் சேலம் மக்கள் குழு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, மக்களிடம் நிதி திரட்டி, அந்த ஏரியைத் தூர் வாரி, வாரிய மண்ணிலேயே தீவுகள் அமைத்து மரம் நட்டது. முதலில் அனுமதி, பிறகு நிதி, அதன் பிறகே மண்வெட்டி என்ற வரிசையை அங்கே கற்கலாம்.

நோட்டை எப்படி எழுதுவது

கூட்டம் முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதும் தீர்மானம் பாதி மறந்த தீர்மானம். கூட்டத்திலேயே எழுத வேண்டும். தேதி, இடம், வந்தவர் கையெழுத்து, பேசிய பொருள், எடுத்த முடிவு ஆகியவற்றை எல்லாரும் எழுதுவார்கள். முடிவுக்குப் பக்கத்தில் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற இரண்டையும் எழுதுவதுதான் பலர் விட்டுவிடுவது. “ஆகட்டும், பார்க்கலாம்” என்பது தீர்மானம் ஆகாது. எழுதியதைக் கூட்டம் கலையும் முன் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டும். இப்படி மூன்று கூட்டம் நடந்தால், தலைவர் நாற்காலியில் யார் இருந்தாலும் சங்கத்தை நகர்த்துபவர் நோட்டு எழுதும் பெண்தான் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

பணத்தில் கண்டிப்பு இன்னும் அதிகம் வேண்டும். சங்கப் பணத்தைச் சொந்தக் கைபேசி எண்ணுக்கு வாங்கவே கூடாது. நூறு ரூபாயாக இருந்தாலும் கூடாது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, தொடர் எண் போட்ட ரசீது, செலவுக்கு பில். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் ஆண்டுப் பொதுக்குழுவும் தணிக்கையும் கட்டாயமாகின்றன. அரசுப் பணியில் இருப்பவர் நிதி திரட்டும் முன் மேலிடத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். வங்கி, கூட்டுறவு ஊழியர்களும் தங்கள் பணி விதிகளை ஒருமுறை படித்துவிட வேண்டும். சிறிய ஊரில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க, கணக்கில் ஒரு ஓட்டை போதும். ஓட்டையே இல்லாத கணக்குக்கு முன்னால் வம்பு நிற்காது.

மேடைப் பேச்சுக்குத் தயங்குபவர்கள் வரவு செலவு வாசிப்பதில் தொடங்கலாம். எண்கள் கையில் இருக்கும்போது குரல் நடுங்காது. கேள்வி கேட்டால் பதில் நோட்டில் இருக்கிறது.

வீடும் வெளியும்

வீட்டில் எதிர்ப்பு வரும். “வேலைக்குப் போறதே போதாதா கண்ணு, இதுவும் எதுக்கு?” என்று அம்மா கேட்பதில் அக்கறைதான் இருக்கிறது. அதற்கு வாதம் பயன்படாது. முதல் கூட்டத்துக்கு அம்மாவையே அழைத்துப் போவது பயன்படும். கூட்ட நேரத்தை மாலை ஆறரைக்கு மேல் நீட்டாமல் வைக்கும்படி நோட்டிலேயே தீர்மானம் போடலாம். இரவு ஒன்பது மணிக்குக் கூடும் சங்கத்தில் பெண்கள் ஏன் வருவதில்லை என்று வியப்பவர்களுக்குக் கடைசி பஸ் நேரத்தைக் காட்டினால் போதும். புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், எழுத்தறிவு வகுப்புகளோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்திய இளம்பெண்கள் யாருடைய பின்சீட்டுக்கும் காத்திருக்காமல் தங்கள் வண்டியில் போய் வந்தார்கள். போக்குவரத்து கையில் இல்லாத பெண்ணுக்குத் தலைமைப் பொறுப்பு நீடிக்காது. இருசக்கர வாகனம் ஓட்டத் தெரியாதவர்கள் அதை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் பேச வேண்டும். தொண்டு செய்யப் போன இடத்தில் தொல்லை வந்தால், ‘நல்ல காரியத்துக்கு வந்த இடம், வெளியே சொல்லாதே’ என்று வாயை அடைப்பவர்கள் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013, ஊதியமின்றித் தன்னார்வமாக வேலை செய்பவரையும் ‘பணியாளர்’ என்றே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்பில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய அமைப்பாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம். சேரும் நாளிலேயே, “இங்கே புகார்க் குழுவில் யார் இருக்காங்க?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டதும் முகம் சுளிக்கும் சங்கத்தில் சேராமல் இருப்பது நல்லது.

வளர்ச்சி எங்கே தெரியும்

பொதுப்பணி செய்வதால் ஊர் பெறுவதைப் போலவே பெண்ணும் பெறுகிறார். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சம்பளம் கொடுத்து வேலை வாங்குவது ஒன்று. ஒரு ரூபாய் கூடக் கொடுக்காமல், மனம் வந்து வந்தவர்களை ஒருங்கிணைப்பது வேறு. இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் ஒரு குழுவை நடத்துவது எளிது. தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேள்வியைச் சுருக்கமாக எழுதுவது, அதற்கு 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வது எல்லாம் எந்தப் பட்டப்படிப்பிலும் இல்லாத பாடங்கள்.

அந்த உழைப்பு ஊருக்கு என்ன தருகிறது என்பதற்கும் எண்ணிக்கையோடு சான்று உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததை அடுத்து, 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பெடுக்கச் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் கண்டது. தெருத்திண்ணையில், கோயில் மண்டபத்தில், வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்த பெண்களின் வேலை அது. அந்தப் பெண்களில் எத்தனை பேரை அவரவர் ஊராட்சியும் சங்கமும் பிறகு ஒரு பொறுப்புக்கு அழைத்தன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பொறுப்பை விடுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டு ஆண்டு கணக்கு எழுதியவர் மூன்றாம் ஆண்டு இன்னொரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப் பழக்க வேண்டும். வங்கிக் கையெழுத்தை மாற்றி, ரசீதுப் புத்தகங்களை எண்ணி ஒப்படைத்து, ஒப்படைத்ததையும் தீர்மானமாக எழுதி வெளியேற வேண்டும். திருமணமோ இடமாற்றமோ வந்து திடீரென ஊரை விட்டுப் போக நேரும் இளம்பெண்களுக்கு இது மிகவும் பொருந்தும். அவர் போன பிறகும் வேலை நடக்க வேண்டும் என்றால் நோட்டு அவரோடு போய்விடக் கூடாது.

எந்தச் சங்கத்திலும் சேர இன்னும் மனம் வராதவர்கள் கிராம சபையிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே உறுப்பினராகச் சேர விண்ணப்பம் தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். வாழப்பாடியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் குடியிருக்கும் வேலைக்குப் போகும் பெண்கள், அடுத்து வரும் தேதியை இன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தோழிகளை அழைத்துப் போங்கள். ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாமல், தீர்மானங்களை எழுதி முடித்துப் படித்துக் காட்டும் வரை உட்கார்ந்திருங்கள்.